சிட்டுவுக்கு ஒரு பம்ப்

ஜனவரி 11

அன்புள்ள சின்னவளுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் சிட்டுவும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? காது டாக்டரிடம் போனாயா, இல்லை வழக்கம்போல அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டிருக்கிறாயா?

போனில் பேசினால் நீ "ஆங்? ஆங்?" என்பாய், நான் கத்துவேன், தெருவே கேட்கும். இது தெரு கேட்கிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

குட்டிக்கு இரண்டு மாதம் முடிந்துவிட்டது. மார்ச்சில் சிட்டு பஸ் நிலைய டிக்கெட் கவுன்ட்டருக்குத் திரும்பியாக வேண்டும். அதற்கு மேல் லீவு கிடையாதாம். மாப்பிள்ளை கப்பல் இன்ஜின் அறையில் இருக்கிறார். செப்டம்பருக்கு முன்னால் அவர் கரை இறங்க வழியில்லை. பகலில் குட்டியை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பட்டறை வீட்டின் முன்பக்கம்தானே, மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டே தொட்டிலையும் ஆட்டலாம். ஆனால் பாலுக்கு என்ன செய்வது? பாலை எடுத்து வைத்துவிட்டுப் போக ஒரு பம்ப் இருக்கிறதாம். சிட்டுவே சொன்னாள்.

பம்புதானே, நமக்குத் தெரியாததா என்று நேற்று கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண், "யாருக்கு சார்?" என்றாள். "பொண்ணுக்கு" என்றேன். "கையால அமுக்கறதா, கரன்ட்டா? சிங்கிளா, டபுளா? சைஸ் என்ன சார்?" என்று சத்தமாகக் கேட்டாள். கடையில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. ஆயுசு பூராவும் தண்ணீர் பம்ப் ரிப்பேர் செய்தவன், "நாளைக்கு வர்றேம்மா" என்று தப்பித்தோம் பிழைத்தோம் என வெளியே வந்துவிட்டேன்.

நீ வேலை பார்க்கிற மில் குழந்தைகள் காப்பகத்தில் தாய்மார்கள் பாட்டிலில் பால் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். அவர்களிடம் எது நல்ல பம்ப் என்று விசாரித்து எழுது. உன் அக்கா இருந்திருந்தால் நான் இதில் தலையிட வேண்டியதே இல்லை.

சிட்டு நன்றாகத்தான் இருக்கிறாள். கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். கழுவின பாட்டிலையே எடுத்து எடுத்துக் கழுவுகிறாள். சுத்தக்காரி, அம்மாவைப் போல.

பதிலை உடனே போடு. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அன்புடன்,
அத்தான்


ஜனவரி 20

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் தன் பாட்டுக்கு வலிக்கிறது, நான் என் பாட்டுக்கு நடக்கிறேன். காது டாக்டரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

நீங்கள் கடையிலிருந்து ஓடிவந்த கதையைக் காப்பகத்தில் சொன்னேன். குழந்தைகளைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தறிப் பிரிவுப் பெண் கையால் அமுக்குவதுதான் நல்லது, நம் இஷ்டத்துக்கு நிறுத்தலாம் என்கிறாள். கணக்குப் பிரிவுப் பெண், வேலைக்குப் போகிறவளுக்குக் கை ஓய்ந்துவிடும், கரன்ட்டே வாங்கட்டும் என்கிறாள். ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். மார்பில் வைக்கிற புனல் அவரவர் அளவுக்கு இருக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் புண்ணாகிவிடுமாம். அதனால் சிட்டுவையே கடைக்கு அழைத்துப் போங்கள். அவள் பார்த்து, தொட்டு, கேட்டு எடுக்கட்டும். நீங்கள் பின்னால் நின்று பையைத் தூக்கினால் போதும்.

ஒன்று கேட்கிறேன். அவள் தூங்குகிறாளா? குட்டி தூங்கும்போது அவளும் கண்ணை மூடுகிறாளா? சிரிக்கிறாளா?

குட்டியின் உள்ளங்காலில் என் சார்பில் ஒரு முத்தம் கொடுங்கள்.

இப்படிக்கு,
சின்னவள்


பிப்ரவரி 6

அன்புள்ள சின்னவளுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதம் வந்த அன்றே பம்ப் வாங்கிவிட்டேன். சிட்டுவை அழைத்துப் போகலாம் என்றுதான் பார்த்தேன். அவள் குளியலறையில் இருந்தாள். வெகுநேரம் வரவில்லை. குழாய் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நானே போய்விட்டேன்.

இந்தத் தடவை நான் மிரளவில்லை. "இருக்கறதுலயே எதும்மா பவர் அதிகம்?" என்று நேராகக் கேட்டேன். டபுள், கரன்ட், பேட்டரி, ஒன்பது வேகம். வீட்டுக்கு வந்ததும் பிரித்துப் பார்த்தேன். என்ன வேலைப்பாடு தெரியுமா! உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, இரண்டு குட்டி வால்வு, உள்ளங்கையில் அடங்குகிற மோட்டார். பட்டறையில் இருக்கிற மீட்டரை வைத்து இழுவையை அளந்தேன். சின்ன சாமான் என்று நினைக்காதே, நல்ல இழுவை. திருப்பி மாட்டி, துடைத்து, சிட்டு கையில் கொடுத்தேன். பார்த்தாள். "சரிப்பா" என்றாள்.

பஸ் நிலையத்துக்கும் போய்வந்தேன். கவுன்ட்டருக்குப் பின்னால் டிக்கெட் ரோல் அடுக்கி வைக்கிற ஒரு சின்ன அறை. அங்கேதான் அவள் உட்கார்ந்து பால் எடுக்க வேண்டுமாம். கதவில் தாழ்ப்பாளே இல்லை! மேலாளரிடம் கேட்டேன். "எழுதிக் கொடுங்க, மேல அனுப்பறேன்" என்றார். மறுநாள் திருப்புளியும் தாழ்ப்பாளுமாகப் போய் நானே அடித்துவிட்டு வந்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் ஒரு கொக்கியும் போட்டேன், பையை மாட்ட.

இப்போதிருந்தே எடுத்துச் சேர்க்கிறாள். ஃப்ரீசரில் ஒரு தட்டு நிறைந்துவிட்டது. மாப்பிள்ளை போன் செய்யும்போதெல்லாம் முதல் கேள்வி, "இன்னிக்கு எத்தனை மில்லி?" அவருக்கும் பாவம், கடல் நடுவில் இருந்துகொண்டு வேறு என்ன கேட்பார்?

குட்டி நன்றாகப் பார்க்கிறாள், கையைக் காலை உதைக்கிறாள். முத்தம் கொடுத்தேன். உதைத்தாள்.

அன்புடன்,
அத்தான்


பிப்ரவரி 14

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

பம்பின் வயிற்றில் என்ன இருக்கிறது, மோட்டார் எத்தனை பெரிது, தாழ்ப்பாள் எங்கே அடித்தீர்கள் எல்லாம் தெரிந்துகொண்டேன். நான் கேட்டதற்குப் பதில் காணோம். சிட்டு தூங்குகிறாளா? புனல் அளவு பார்த்தீர்களா?

இந்தக் காப்பகத்தில் ஒரு பயல் இருக்கிறான். பசித்தால் அழ மாட்டான். சுவரையே பார்ப்பான். வந்த புதிதில் சமர்த்துக் குழந்தை என்று எல்லோரும் கொஞ்சினார்கள். எனக்குக் காது மந்தம், அதனால் நான் முகத்தைப் பார்த்தே பழகியவள். அவன் சமர்த்து இல்லை, சோர்ந்து போனவன் என்று எனக்குத்தான் முதலில் பட்டது.

சிட்டுவை எனக்கு இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பெரிய கடிதம் வேண்டாம். அவள் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
சின்னவள்


மார்ச் 29

அன்புள்ள சின்னவளுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். வெயில் ஏறியதும் ஊரில் உள்ள மோட்டார் எல்லாம் ஒரே சமயத்தில் புகைந்துபோய் என் பட்டறை வாசலில் வந்து நிற்கின்றன. கையில் குட்டி, மடியில் செப்புக் கம்பி. என் உடம்பு பரவாயில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

சிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். எழுதச் சொன்னேன். "எழுதறேன்பா" என்றாள். காகிதம் மேஜை மேலேயே இருக்கிறது.

பால் குறைந்துவிட்டது. முதலில் டப்பா நிறையக் கொண்டுவந்தவள் இப்போது அடியில் கொஞ்சமாகக் கொண்டுவருகிறாள். ஃப்ரீசரில் சேர்த்தது கரைகிறது. வேகம் போதவில்லையோ என்று நான் அந்த மெஷினில் நம்பரை ஏற்றிவைத்தேன். ஐந்தில் இருந்தது, ஏழாக்கினேன். பிறகு ஒன்பது. இரண்டு நாள் கூடியது, மறுபடி குறைந்துவிட்டது. போன வாரம் பால் லேசாக ரோஸ் நிறமாக இருந்தது. டப்பாவின் நிறமாக இருக்கும் என்று நினைத்தேன். புது டப்பா வாங்கி வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் குட்டியை என்னிடமிருந்து வாங்குவதில்லை. கை கழுவப் போகிறாள். கழுவிக்கொண்டே இருக்கிறாள். குட்டி அழுதால் காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். கவுன்ட்டரில் நாள் முழுக்கக் கூட்டத்தின் இரைச்சல், வீட்டிலும் சத்தம் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? நான் குட்டியைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிட்டு வருகிறேன். இப்போதெல்லாம் என்னால் ஒரு இடத்தில் நிற்கவே முடியவில்லை. இதை எழுதுவதற்குள் நாலு தடவை எழுந்து போய் அவளைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று ஒரு வார்த்தை சொன்னாள். அதை எழுத மனம் வரவில்லை. ஏதோ அசதியில் சொன்னது.

வேறு நல்ல பம்ப் இருந்தால் விசாரித்து எழுது. ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதைப் போன்றது கிடைக்குமா?

அன்புடன்,
அத்தான்


ஏப்ரல் 2

அத்தான்,

சுகம் விசாரிக்க இப்போது நேரமில்லை. உங்கள் கடிதம் சற்று முன்தான் கிடைத்தது. மில் லாரி உங்கள் ஊர் வழியாகப் போகிறது. டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அவரிடமே பதில் கொடுங்கள்.

முதலில் அந்த மெஷினை நிறுத்துங்கள். ரோஸ் நிறம் டப்பாவின் நிறம் இல்லை, ரத்தம். குழந்தைக்கு அதனால் ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம். ஆனால் உங்கள் மகள் வலியை மென்று முழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தொட்டுப் பாருங்கள், காய்ச்சல் இருக்கும். நாளை என்று தள்ளாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால் நான் போன் போட்டேன். சிட்டு எடுத்தாள். "நல்லாருக்கேன் சித்தி" என்றது மட்டும் என் காதில் விழுந்தது. அந்தக் குரல் நல்லா இருக்கிறவளின் குரல் இல்லை.

அவள் என்ன வார்த்தை சொன்னாள்? அதை எனக்கு எழுதுங்கள். எனக்கு எழுதாவிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவளைத் தனியே விடாதீர்கள்.

இன்னொன்று. சிட்டு பிறந்த மூன்றாம் மாதம் அக்கா என் வீட்டில் வந்து மூன்று மாதம் தங்கினாளே, நினைவிருக்கிறதா? உங்களிடம் மஞ்சள்காமாலை என்று சொன்னோம். அது மஞ்சள்காமாலை இல்லை அத்தான். அக்கா சாப்பிடாமல், தூங்காமல், பெற்ற குழந்தையைத் தொடப் பயந்துகொண்டு என் வீட்டு உள்ளறையில் கிடந்தாள். நீங்கள் ஞாயிறுதோறும் பார்க்க வந்தீர்கள். வாசலில் ஒழுகிய குழாயைச் சரிசெய்தீர்கள். கிணற்று மோட்டாருக்கு எண்ணெய் விட்டீர்கள். "ஒடம்பைப் பாத்துக்கோ" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போனீர்கள்.

குற்றம் சொல்ல எழுதவில்லை. அன்றைக்கு எங்களுக்கே அது நோய் என்று தெரியாது. இன்றைக்குத் தெரிகிறது.

இங்கே ஒருத்தி லீவில் இருக்கிறாள், ஞாயிறுக்கு முன்னால் என்னால் கிளம்ப முடியாது. ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள்.

சின்னவள்


ஏப்ரல் 3

சின்னவளே,

டிரைவர் வாசலில் நிற்கிறார், அவசரமாக எழுதுகிறேன்.

உன் அக்காவை நீ இதில் இழுத்திருக்க வேண்டாம். படித்தபோது உன் மேல் கோபம்தான் வந்தது. காகிதத்தைக் கசக்கிப் பட்டறை மூலையில் போட்டுவிட்டேன். பிறகு எடுத்து நீவிப் படித்தேன்.

அந்த வார்த்தை இதுதான். குட்டிக்கு நான் பாட்டிலில் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். சிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க நல்லா பாத்துக்கறீங்கப்பா. நான் இல்லாட்டியும் குட்டி பொழச்சுக்கும், இல்ல?" என்றாள். நான், "அதான் பகல் பூரா நான் இருக்கேனே, நீ நிம்மதியா வேலைக்குப் போ" என்றேன்.

அவள் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் அப்படிப் பதில் சொன்னேன்.

இப்போதே கிளம்புகிறோம்.

அத்தான்


ஏப்ரல் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

லாரி திரும்பும்போது வாங்கிக்கொள்வதாக டிரைவர் சொன்னார், நல்ல மனிதர். அவரிடம் இதைக் கொடுக்கிறேன்.

வண்டியில் சிட்டு என் தோளில் சாய்ந்தாள். அப்போதுதான் தெரிந்தது, உடம்பு அனலாகக் கொதிக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு அது தெரியவில்லை.

பெண் டாக்டர்தான். பரிசோதித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அந்த மெஷினைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். "இத யாரு வாங்கினது?" என்றார். "நான்தாம்மா." "புனல் சின்னது. வேகத்த வேற முழுசா வெச்சிருக்கீங்க. ரெண்டு பக்கமும் புண்ணு, ஒரு பக்கம் சீழ் பிடிக்கற நிலைமை. இவ்ளோ வலியோட எப்படித்தான் எடுத்தாளோ?" நான் சிட்டுவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

பிறகு அந்த வார்த்தையை டாக்டரிடம் சொன்னேன். என்னை வெளியே உட்காரச் சொன்னார். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. கை துறுதுறுத்தது. எழுந்திருக்கவில்லை.

கதவு திறக்க வெகுநேரம் ஆனது. இன்னொரு டாக்டரையும் வரவழைத்துப் பேசியிருக்கிறார்கள். "புண்ணு மருந்துல ஆறிடும். மனசுக்கும் மருந்து இருக்கு, ஆனா கொஞ்ச நாள் ஆகும். இது நோய்ங்க. சோம்பேறித்தனமும் இல்ல, பிடிவாதமும் இல்ல. வாராவாரம் கூட்டிட்டு வாங்க. ராத்திரியும் பகலும் யாராவது கூட இருக்கணும்" என்றார்.

வெளியே வந்து சிட்டுவைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். "ஒனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டேன். அவள் பிறந்ததிலிருந்து எதையாவது வாங்கிக் கொடுத்திருக்கிறேனே தவிர, இப்படிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

"தண்ணி" என்றாள். வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்தாள். பிறகு, "பால் எடுக்கறத நிறுத்திடட்டுமாப்பா?" என்றாள்.

சின்னவளே, உனக்கு உண்மையைச் சொல்கிறேன். அத்தனை சிரமப்பட்டு வாங்கினோமே, குட்டிக்குத் தாய்ப்பால் வேண்டுமே என்றெல்லாம் தொண்டை வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். "நிறுத்திடு" என்றேன்.

"எல்லாரும் என்ன சொல்வாங்க?"

"சொல்றவங்கள என் பட்டறைக்கு அனுப்பு."

அழுதாள். பெஞ்சிலேயே, அத்தனை பேர் முன்னால். நான் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. எப்படிச் செய்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரேயடியாக நிறுத்தினால் பால் கட்டிக்கொள்ளுமாம். சரியான அளவில் ஒரு கை பம்ப் எழுதிக் கொடுத்தார்கள். பாரம் தெரிகிறபோது கொஞ்சமாக எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அளவு பார்த்து சிட்டுவே கடையில் வாங்கினாள். நான் பையைத் தூக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. எனக்குத் தனியாக முடியவில்லை.

அத்தான்


மே 9

அன்புள்ள அத்தானுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. உங்கள் வீட்டில் ஒரு மாதம் குட்டியைத் தூக்கியதில் முழங்கால் வலி மறந்து இடுப்பு வலி வந்திருக்கிறது. சிட்டு மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாளா? மத்தியானம் படுக்கிறாளா? நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

பஸ் ஏறும்போது நீங்கள் ஒன்று கேட்டீர்கள். காது கேட்காதவள் மாதிரி ஏறிவிட்டேன். கேட்டது, அத்தான். "அப்போ ஒங்கக்கா என்னைப் பத்தி என்ன சொன்னா?" என்று கேட்டீர்கள்.

ஒரு மாதமாகக் கேட்க நினைத்து, பஸ் கிளம்புகிற நேரத்தில் கேட்டவருக்குப் படியில் நின்று பதில் சொல்ல எனக்கு மனமில்லை. இப்போது சொல்கிறேன். அக்கா கொஞ்சம் தேறி எழுந்து உட்கார ஆரம்பித்த சமயம். "அத்தான்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடலாமாக்கா?" என்று நான் கேட்டேன். "வேணாம்டி. சொன்னா உடனே எதையாவது கழட்டிப் பாப்பாரு. நான் கழட்டிப் பாக்கற சாமான் இல்லையே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்த மூன்று மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் கழித்து, "பாவம், அவருக்கு வேற விதமா அக்கறை காட்டத் தெரியாது" என்றாள்.

இதைத் தவிர அவள் உங்களைக் குறைவாக ஒரு சொல் சொன்னதில்லை. முழுசாகச் சொல்லிவிட்டேன். இனிமேல் இதைப் பற்றி என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

அன்றைக்குக் கடிதத்தில் அதை அப்படிப் போட்டு உடைத்திருக்கக் கூடாதுதான். வேறு எப்படிச் சொன்னால் நீங்கள் வேலையிலிருந்து தலையைத் தூக்கியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
சின்னவள்


ஜூன் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே மூவரும் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன், நம்பு. சிட்டு இன்னும் மருத்துவ லீவில்தான் இருக்கிறாள், மத்தியானம் தூங்குகிறாள். சாப்பாட்டில் உப்பு குறைவு என்று நேற்று என்னைத் திட்டினாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

உன் அக்கா சொன்னதை எழுதியிருந்தாயே. அதைப் படித்துவிட்டு அன்று முழுக்கப் பட்டறையைத் திறக்கவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை போன் செய்தார். வழக்கம்போல, "இன்னிக்கு எத்தனை மில்லி?" சிட்டுவின் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். போனை வாங்கினேன். "மாப்ள, இனிமே கணக்கெல்லாம் என்கிட்ட கேளுங்க. என் பொண்ணுகிட்ட அவ எப்படி இருக்கான்னு மட்டும் கேளுங்க" என்றேன். "மாமா, என்ன ஆச்சு? என்கிட்ட யாரும் எதுவும் சொல்லலியே" என்றார். குரல் உடைந்துவிட்டது. ஆமாம், அவருக்கு நாம் ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. கடல் நடுவில் இருப்பவரை எதற்குக் கலங்கடிப்பது என்று நான்தான் தடுத்தேன். சிட்டுவிடம் போனைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வெகுநேரம் பேசினார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் அழுதார்கள் போலிருக்கிறது.

அடுத்த துறைமுகத்திலேயே இறங்கிவிட மனு போட்டிருக்கிறாராம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

சிட்டுவே உனக்கு எழுதுவதாகச் சொன்னாள். நான் வற்புறுத்தவில்லை.

அன்புடன்,
அத்தான்


ஜூன் 27

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பிப்ரவரியில் நீங்கள் கேட்ட இரண்டு வரியை இப்போதுதான் எழுதுகிறேன். இரண்டு வரியில் நிற்காது போலிருக்கிறது.

நீங்கள் இங்கே இருந்தபோது ஒரு தடவைகூட "ஏன் சொல்லவில்லை?" என்று என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்வது என்று பயந்துகொண்டே இருந்தேன். இப்போது நானாகவே சொல்கிறேன். அப்பா அந்த மெஷினை தினமும் பிரித்து, வெந்நீரில் கழுவி, துணியில் துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டி, ஊதிப் பார்த்து என் கையில் கொடுப்பார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வலிக்கிறது என்று எப்படிச் சொல்வேன்? கப்பலிலிருந்து இவர் கேட்பார், எத்தனை மில்லி என்று. கவுன்ட்டரில் எல்லோரும் கேட்பார்கள், தாய்ப்பால்தானே கொடுக்கிறாய் என்று. தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு டிக்கெட் ரோல்களுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பேன். வெளியே எந்த பஸ் எங்கே போகிறது என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஏதாவது ஒன்றில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், அங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றும். சில நாள் அதைவிட மோசமாகவும் தோன்றியது. அதையெல்லாம் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்லச் சின்னதாகிவிட்டது.

இப்போது குட்டிக்குப் பவுடர் பால்தான். கன்னம் உப்பிவிட்டாள். நிறுத்தியதில் எனக்கு வருத்தம் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். தாத்தா பாட்டிலைக் காட்டினால் இரண்டு கையாலும் பிடுங்குகிறாள். மாத்திரை இன்னும் சில மாதம் சாப்பிட வேண்டும். நல்ல நாளும் இருக்கிறது, முடியாத நாளும் இருக்கிறது. முடியாத நாளில், "அப்பா, இன்னிக்கு முடியல" என்று சொல்லிவிடுகிறேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்காருகிறார். கையைக் காலை ஆட்டிக்கொண்டுதான் உட்காருகிறார், ஆனாலும் உட்காருகிறார்.

இவருக்கு மனு கிடைத்துவிட்டது. வரும் வாரம் வருகிறார். பயமாகவும் இருக்கிறது, ஆசையாகவும் இருக்கிறது.

முக்கியமாக ஒன்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். குட்டி அழுகிற சத்தம் கேட்டாலே முன்பெல்லாம் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும். ஓடுவேன், இல்லாவிட்டால் காதைப் பொத்திக்கொள்வேன். நேற்று மத்தியானம் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். அப்பா ஏதோ வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அடுத்த அறையில் குட்டி அழுதாள். கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். பசி அழுகை இல்லை, சித்தி. யாராவது வாங்களேன் என்று கூப்பிடுகிற அழுகை. வித்தியாசம் எனக்கே தெரிந்தது.

எழுந்து, தலைமுடியை முடிந்துகொண்டு, நடந்துதான் போனேன். என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

உங்கள்,
சிட்டு